வெட்டி எறிந்த இருபத்திரண்டு விநாடி

அக்காவுக்கு அடுப்பு ரிப்பேர் பார்க்கும் தொழில். அந்தத் தொழிலை நாலு பேருக்குத் தெரியவைப்பது தங்கையின் தொழில்.

அக்கா ஒரு அடுப்புக் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் பதினாறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஸ்பேனரோடு ஒரு பெண் வாசலில் நிற்பதைப் பார்த்து "மெக்கானிக் வரலையா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வந்தாச்சு, வழி விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவள் குரல் கட்டையாகிவிட்டது. பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரே ஒரு ஷட்டர். உள்ளே நீளமாக ஒரு மேஜை, சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் பர்னர். முதல் வருடம் முழுக்க ஈ ஓட்டினாள்.

தங்கை வேலை பார்த்த பத்திரிகையை இழுத்து மூடியதும் அவள் வந்து அந்தக் கடையில் உட்கார்ந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள். அக்காவோ அடுப்பைக் கழற்றும்போது வாய் ஓயாமல் பேசுவாள். அடுப்போடு பேசுவாள், திருகாணியோடு பேசுவாள், அதை அப்படிக் கெடுத்துவைத்த முந்தைய மெக்கானிக்கோடு அவன் இல்லாமலே சண்டை போடுவாள். தங்கை அந்தப் பேச்சை எழுதி வலைப்பூவில் போட ஆரம்பித்தாள். 'தீ மஞ்சளாக எரிந்தால் அடுப்பு என்ன சொல்ல வருகிறது?' 'பர்னரைத் துலக்கித் துலக்கியே கொல்லாதீர்கள்.' என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் போனில் அக்காவின் நம்பர் 'அடுப்பக்கா' என்று பதிந்திருப்பதைப் பார்த்தாள். அதுவே பெயராகிவிட்டது.

எழுத்துக்குப் பின்னால் படம் வந்தது, படத்துக்குப் பின்னால் வீடியோ வந்தது. அக்காவின் கட்டைக் குரலும் அந்த எரிச்சலும் ஜனங்களுக்குப் பிடித்துப்போயின. போனைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் வந்து நின்று, "அந்த அக்கா நீங்கதானே?" என்று கேட்டார்கள். அடுப்பைக் கொடுத்துவிட்டு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் ஒரு வீடியோவையும் பார்த்ததில்லை. "என் மூஞ்சியை நான் கண்ணாடியிலேயே பார்க்கறதில்ல. அதுல வேற பார்க்கணுமாக்கும்" என்பாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் போட்ட வீடியோதான் இவர்களை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. 'கேஸ் டியூப் மாத்த ஒரு நிமிஷம் போதும்' என்று தலைப்பு. பழைய டியூபைக் கழற்றி, புதியதை அடுப்பிலும் ரெகுலேட்டரிலும் செருகி, கிளிப்பை இறுக்கி, அக்கா கேமராவைப் பார்த்து "அவ்வளவுதான்" என்கிறாள். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அடுப்புச் சாமான் தயாரிக்கும் ஒரு கம்பெனி, தன் டியூபையும் பர்னரையும் 'அடுப்பக்கா' என்ற பெயரிலேயே விற்கலாம் என்று பேச்சைத் தொடங்கியது. அன்று காலை பத்தேகாலுக்கு அந்தக் கம்பெனி மேனேஜர் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்து கடையில் உட்கார்ந்தும் விட்டார்.

அக்கா காகிதத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு நிலைகொள்ளவில்லை. கையைச் சும்மா வைக்க முடியாமல் போனை எடுத்தாள். வீடியோவுக்குக் கீழே கமெண்டுகளைத் தள்ளிக்கொண்டே போனவளின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

'ஜன்னலோரச் செடி' என்ற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள். காலை ஒன்பது நாற்பதுக்கு.

"அக்கா, நீங்க காட்டின மாதிரியே நானே மாத்திட்டேன். சூப்பரா எரியுது. லேசா ஒரு வாடை வருது. புது டியூப் வாடைதானே? போயிடுமா?"

அதற்குக் கீழே யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது." அந்தப் பதிலைப் பதினோரு பேர் விரும்பியிருந்தார்கள்.

அவள் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஹார்ட் இருந்தது. அதைப் போட்டது அடுப்பக்கா பக்கம். அதாவது தங்கை. காலையில் பஸ்ஸில் வரும்போது, வழக்கம்போல ஒன்றையும் படிக்காமல் வரிசையாக ஹார்ட் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். எல்லாக் கமெண்டுக்கும் ஹார்ட் போட்டால் வீடியோ இன்னும் நாலு பேர் கண்ணில் படும் என்று ஒரு கணக்கு.

அந்த வீடியோவில் என்ன இல்லை என்று உலகத்திலேயே தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்று படம் பிடிக்கும்போது, டியூபைச் செருகிக் கிளிப்பை இறுக்கியபின் அக்கா ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்தாள். சின்ன பிரஷ்ஷால் இரண்டு முனையிலும் தடவினாள். ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு விநாடி. வாய் ஓயாத அக்கா வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கும் ஒரே நேரம் அதுதான். எடிட் பண்ணும்போது தங்கைக்கு அது கொட்டாவி வரவழைக்கும் இடமாகத் தெரிந்தது. பேச்சே இல்லாத இருபத்திரண்டு விநாடியை யார் பார்ப்பார்கள்? அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். கத்தரித்து எறிந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை.

மணி பத்து இருபத்தைந்து. உடனே பதில் எழுதினாள்: "தயவுசெஞ்சு இப்பவே ரெகுலேட்டரை மூடுங்க. ஜன்னல், கதவைத் திறந்துட்டு வெளியே வாங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க." தனிச்செய்தியிலும் அதையே அனுப்பினாள். அந்தச் செயலியிலிருந்தே கூப்பிட்டும் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது. அனுப்பிய செய்தி படிக்கப்படவே இல்லை.

"அக்கா, கொஞ்சம் இங்க வாயேன்."

"இரு, கடைசிப் பக்கம்."

"அக்கா!"

குரலைக் கேட்டு அக்கா தலை நிமிர்ந்தாள். எழுந்து வந்து போனை வாங்கிப் படித்தாள். முதலில் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

"வாடை வந்தா சோப்புத் தண்ணி வெச்சுப் பார்க்கச் சொல்லு. அதான் வீடியோலயே காட்டியிருக்கோமே."

"இல்லக்கா. அது வீடியோல இல்ல."

"இல்லன்னா?"

"நான் வெட்டிட்டேன். நீளமா இருந்துச்சு."

அக்கா அவளையே பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தங்கைக்கு. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எப்ப எழுதியிருக்கா?"

"ஒன்பது நாற்பது."

"முக்கால் மணி நேரம்" என்றாள் அக்கா. "இந்நேரம் அவளுக்கு வாடையே தெரியாதுடி. மூக்குக்குப் பழகிடும். சரியாப் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவா. இந்த கேஸ் மேல போகாது, தரையிலதான் படுக்கும். யாரு அவ? எங்க இருக்கா?"

அதுதான் தெரியவில்லை. அவளுடைய பக்கத்தைத் திறந்தால் முகம் இல்லை, ஊர் இல்லை, பெயரும் இல்லை. முழுக்க முழுக்க ஜன்னல் திட்டில் வைத்த தொட்டிச் செடிகள். செடிகளுக்குப் பின்னால் ஒரு துண்டு வானம், எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடி, அதன் மேல் நீலப் பட்டை அடித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லாப் படத்திலும் அதே தொட்டி. தங்கை வலைப்பூவுக்குத் தாவி அந்தப் பெயரைத் தேடினாள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டுரைக்கு அவள் எழுதிய பின்னூட்டம் கிடைத்தது. "எங்க வீட்டுல ஹாலுக்கு மட்டும்தான் ஜன்னல். சமையலறைக்குக் கிடையாது. அப்பாவும் நானும்தான். அவருக்குத் தனியா அடுப்பு பத்தவைக்க எது சுலபமான மாடல்?"

சமையலறைக்கு ஜன்னல் இல்லை. அப்பா தனியாக அடுப்பு பற்றவைப்பார்.

தங்கை தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் நிதானமான குரல். "முகவரி சொல்லுங்க."

"முகவரி தெரியாதுங்க. இன்டர்நெட்ல ஒருத்தங்க..."

"முகவரி இல்லாம வண்டியை எங்கம்மா அனுப்பறது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, உடனே வர்றோம்."

அக்கா ஏப்ரனைக் கழற்றி மேஜையில் போட்டாள். "லைவ்னு ஒண்ணு போடுவியே, அதைப் போடு. என் மூஞ்சியைக் காட்டு. நான் பேசறேன்."

அதுவரை பேசாமல் இருந்த மேனேஜர் எழுந்தார். "மேடம், ஒரு நிமிஷம். பதற்றத்துல எதுவும் பண்ணிடாதீங்க. முதல்ல அந்த வீடியோவை எடுத்துடுங்க. அந்தக் கமெண்டையும் எடுத்துடுங்க. யாரோ ஒருத்தர் ஏதோ எழுதியிருக்காங்க, உண்மையா பொய்யான்னே தெரியாது. நீங்களே போய் ஊரைக் கூட்டி எங்க வீடியோ தப்புன்னு சொன்னா, அந்தப் பேர்ல நாங்க எப்படி டியூப் விக்கறது?"

தங்கைக்கு அவர் சொன்னது காதில் விழுந்தது மட்டுமல்ல, ஒரு கணம் மனதிலும் விழுந்தது. தனிச்செய்திதான் அனுப்பியாகிவிட்டதே. பார்த்தால் மூடிவிடப் போகிறாள். ஒருவேளை ஏற்கெனவே மூடியிருக்கலாம். இரண்டு வருடம் கல்லைச் சுமக்கிற மாதிரி சுமந்து உருவாக்கிய பக்கம் இது. தங்கை போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னடி யோசனை?" என்றாள் அக்கா. "அந்தக் கெழவர் அடுப்பைப் பத்தவெச்சப்புறம் போடலாம்னு பார்க்கறியா?"

தங்கை பொத்தானை அழுத்தினாள்.

அக்கா கேமராவை முறைத்துப் பார்த்தாள். முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. "நான்தான் அடுப்பக்கா. டியூப் மாத்தற வீடியோவுல ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. மாத்தி முடிச்சதும் ரெண்டு முனையிலயும் சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கணும். குமிழி வந்தா கேஸ் கசியுதுன்னு அர்த்தம். அதை நாங்க காட்டல. தப்பு எங்களோடது. அதைப் பார்த்து யாராவது மாத்தியிருந்தா, இப்பவே போய் ரெகுலேட்டரை மூடுங்க. இன்னொண்ணு. ஜன்னலோரச் செடிங்கற பேர்ல ஒரு பொண்ணு எழுதியிருக்கு. அது வீட்டுல கேஸ் கசியுது. அந்தப் பொண்ணைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. வீடு தெரியணும். அவசரம்."

தங்கை அந்த ஜன்னல் படங்களைத் திரையில் காட்டினாள். நீலப் பட்டைத் தொட்டியைப் பெரிதாக்கி, "இந்தத் தொட்டியை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நூறு, ஐந்நூறு, இரண்டாயிரம். கமெண்டுகள் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடின. "அச்சச்சோ!" "விளம்பரத்துக்கு என்னவெல்லாம் பண்றாங்க பாரு." "அக்கா, எங்க வீட்டு அடுப்புல ஒரு பர்னர் எரியல, என்ன செய்யலாம்?" "கொலைகாரிங்களா, நானும் நேத்துதான் மாத்தினேன்." "தொட்டிக்கு நீலம் யார் அடிப்பாங்க?" தங்கைக்குக் கண் எரிந்தது. மேனேஜர் வாசலில் நின்று யாருக்கோ போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா டூல் பையில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. பன்னிரண்டாவது நிமிடம் ஒரு வரி ஓடியது. தங்கை அதைத் தவறவிட்டு, மேலே தள்ளித் தேடிப் பிடித்தாள்.

"நான் பார்சல் டெலிவரி பண்றவன். அந்தத் தொட்டி பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு. எதிர்ல பழைய மஞ்சள் கட்டடம், நாலு மாடி. ஜன்னல்ல செடி இருக்கறது மூணாவது மாடி. போன வாரம்கூட மண் மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன், முதுகு உடைஞ்சுபோச்சு."

தங்கை தீயணைப்புக்கு முகவரியைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். தங்கைதான் ஓட்டினாள். டிப்போ திருப்பத்தில் பஸ்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஹார்ன் அடித்தும் யாரும் நகரவில்லை. நடைபாதை மேல் ஏற்றி ஓட்டினாள். யாரோ திட்டியது காற்றோடு போனது. 

மஞ்சள் கட்டடத்தின் அடியில் இறங்கியதும் அக்கா சொன்னாள். "போனை அணைச்சு வண்டிக்குள்ள வெச்சுட்டு வா. மேல அது வேண்டாம்."

இரண்டு வருடமாகத் தூங்கும்போதுகூடக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த போன். தங்கை அதை சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டு அக்காவின் பின்னால் படியேறினாள். மூன்றாவது மாடியில் இரண்டு கதவுகள். அக்கா குனிந்து கதவிடுக்கில் மூக்கை வைத்தாள். இரண்டாவது கதவில் வைத்ததும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இதுதான்."

உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி பலமாகத் தட்டினாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். பனியனும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு நடுவயதுக்காரர்.

"அந்தப் பொண்ணு வேலைக்குப் போயாச்சு. பெரியவர் மட்டும்தான் இருக்கார். தட்டினா கேட்காது, அவருக்குக் காது சுத்தமா போயிடுச்சு. பெல்லை அழுத்தணும். உள்ள லைட் விட்டு விட்டு எரியும், அதைப் பார்த்துட்டு வருவார்." சொல்லிக்கொண்டே உதவும் எண்ணத்தில் பெல்லை நோக்கிக் கையை நீட்டினார்.

அக்கா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"தொடாதீங்க! உள்ள கேஸ் நிரம்பியிருக்கு. ஒரு பொறி போதும்."

அவர் கையை உருவிக்கொண்டார். பயத்தைவிடச் சந்தேகம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. "நீங்க யாரும்மா?"

"அடுப்பு ரிப்பேர் பார்க்கறவ. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ண முடியுமா? கீழ இறங்கிப்போய்ப் பண்ணணும்."

"அது டீச்சர். இன்னைக்குப் பரீட்சை ஹால் ட்யூட்டி. போனை வாங்கி வெச்சுடுவாங்களாம்."

"சாவி?"

சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதும், சொல்ல மனம் வரவில்லை என்பதும் முகத்திலேயே எழுதியிருந்தது. யார் எவர் என்றே தெரியாத இரண்டு பெண்கள், ஒரு பை, பூட்டிய வீடு, உள்ளே காது கேளாத கிழவர். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"ஐயா, நாங்க திருட வரல" என்றாள் தங்கை. "பேசிட்டிருக்க நேரமில்ல..."

அவருக்குப் பின்னால் கதவிடுக்கில் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் போன், போனில் சற்று முன்னால் பேசிய அக்காவின் முகம். போனையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இது அடுப்பக்காங்க! இப்பத்தான் லைவ்ல பேசிட்டிருந்தாங்க. தேடறது நம்ம டீச்சரையா? கடவுளே! சாவியை எடுங்க. அந்த ஷூ ஸ்டாண்டு, கறுப்பு ஷூவுக்குள்ள!"

"அந்தப் போனை எடுத்துட்டுக் கீழ போங்க, ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. சாவி அவள் கையில் வந்திருந்தது.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. நேரே ஹால். ஜன்னல் திட்டில் செடிகள் வரிசையாக நின்றன. ஜன்னல் சாத்தியிருந்தது. நாற்காலியில் பெரியவர் நியூஸ்பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அறிமுகமில்லாத இரண்டு பேர் வீட்டுக்குள் புகுந்ததைக் கண்டதும் பதறி எழுந்து, யாரென்று பார்க்க வெளிச்சம் வேண்டும்போல, சுவர் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"அவரைப் பிடி!" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள்.

தங்கை ஓடிப்போய் சுவிட்ச் பலகைக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கத்தினால் அவருக்குக் கேட்காது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பெரியவர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். கிழவரானாலும் பிடி இரும்பாக இருந்தது. "யாரு நீ? வெளிய போ! என் வீட்டுல..." அவர் மூச்சு அவள் முகத்தில் பட்டது. தங்கை கைகளைக் கூப்பினாள். பிறகு மூக்கைப் பிடித்துக் காட்டினாள், சமையலறையைக் காட்டினாள், இரண்டு கையாலும் வெடிப்பதுபோல் காட்டினாள். பெரியவர் பிடியைத் தளர்த்தவில்லை. ஆனால் தள்ளுவதை நிறுத்தினார். மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோந்து பார்த்தார். அவர் கண்ணில் மெல்ல ஏதோ மாறியது.

அக்கா வெளியே வந்து ஜன்னலை அகலத் திறந்தாள். "மூடியாச்சு. அவரைக் கூட்டிட்டுக் கீழ போ."

தீயணைப்பு வண்டி வரும்போது மணி பதினொன்று இருபது. அவர்கள் கேஸ் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, வீடு காற்றாடட்டும் என்று அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு அக்கா சமையலறையைத் தங்கைக்குக் காட்டினாள். அடுப்பு முனையில் கிளிப் அதன் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி இறுக்கியிருந்தது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. அடுப்பின் மேல் ஒரு சின்னப் பாத்திரத்தில் பால் ஊற்றித் தயாராக வைத்திருந்தது. பக்கத்தில் லைட்டர்.

தினமும் பதினோரு மணிக்குப் பெரியவர் தானே பாலைச் சூடுபண்ணிக் குடிப்பாராம். இன்று ஏன் பண்ணவில்லை என்று தங்கை பேப்பர் ஓரத்தில் எழுதிக் கேட்டாள். பெரியவர் குறுக்கெழுத்துக் கட்டத்தைக் காட்டினார். "கீழிருந்து மேல், ஏழு. வரமாட்டேன்னுது சனியன். முடிச்சுட்டு எழுந்திருக்கலாம்னு உட்கார்ந்தேன்."

தங்கை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலை நாலரை மணிக்கு அந்த டீச்சர் கடைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை.

"நீங்க வந்து காப்பாத்தினீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். நான் கேட்டதுக்கு நீங்க ஹார்ட் போட்டீங்க. சரின்னு சொல்றீங்கன்னுதான் நான் நம்பி வேலைக்குப் போனேன். அது இல்லாம இருந்திருந்தா ரெகுலேட்டரை மூடிட்டுப் போயிருப்பேன். எங்கப்பா..."

அக்கா மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள். ஹார்ட் விஷயம் அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"படிக்காம போட்டேன்" என்றாள் தங்கை. "எல்லாருக்கும் போடறதுதான். என்ன எழுதியிருக்குன்னு பார்க்கல. நான் போட்டது, அக்காவுக்குத் தெரியாது. என்னை மன்னிச்சுடுங்கன்னு கேட்கக்கூட வாய் வரல."

டீச்சர் அவளை நேராகப் பார்த்தாள். "நானும் உங்க வலைப்பூவை ரெண்டு வருஷமா படிக்கறேன். எழுதறதும் அடுப்பைக் கழற்றறதும் ஒரே ஆள்னு நினைச்சேன்" என்றாள். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். போகும்போது, "டியூபை நீங்களே வந்து மாத்திக் கொடுங்க. வேற யாரையும் வீட்டுக்குள்ள விட எனக்குத் தைரியம் இல்ல" என்று அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா அன்றே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கம்பெனி மேனேஜர் மறுநாள் போன் செய்து, "இப்போதைக்குத் தள்ளி வைப்போம்" என்று மரியாதையாகச் சொன்னார். அதற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. லைவில் அக்கா பேசியதில் "தப்பு எங்களோடது" என்ற இடத்தை மட்டும் யாரோ வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்துச் சுற்றவிட்டார்கள். பக்கத்திலிருந்து ஆட்கள் கொத்துக்கொத்தாகக் கழன்றுகொண்டார்கள். ரிப்பேருக்கு அடுப்பு கொடுத்திருந்த இரண்டு பேர் வந்து, வேலை முடியாமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். வீடியோவைப் பார்த்து டியூப் மாற்றியவர்கள் என்று சொல்லி வந்த செய்திகளை எண்ணினாள் தங்கை. நாற்பத்தொன்று. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லி, முடியும்வரை போனை வைக்காமல் காத்திருந்தாள். அதில் மூன்று வீட்டில் குமிழி வந்தது.

அக்கா நான்கு நாள் அவளோடு பேசவில்லை. "அந்த ஸ்பேனரை எடு", "ஷட்டரை இறக்கு", இவ்வளவுதான். ஸ்பேனரிடமும் திருகாணியிடமும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். கடை அத்தனை அமைதியாக இருந்து தங்கை பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் காலை தங்கை ஒரு கட்டுரை எழுதி முடித்தாள். முதல்முறையாக அக்காவின் குரலில் இல்லாமல் தன் குரலில். எதை வெட்டினாள், ஏன் வெட்டினாள், ஹார்ட் எப்படிப் போட்டாள், மஞ்சள் கட்டடத்தில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். வெளியிடுவதற்கு முன்னால் மடிக்கணினியை மேஜையில் அக்காவுக்கு முன்னால் வைத்தாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். ஒப்பந்தக் காகிதத்தைப் படித்ததுபோலவே வரி விடாமல் படித்தாள். நடுவில் ஒரு இடத்தில், "கிளிப் ஒரு விரல் இல்ல, அரை விரல்தான் தள்ளியிருந்துச்சு" என்று திருத்தினாள். கடைசிவரை வந்ததும் திரும்ப மேலே போனாள்.

"'அக்காவுக்குத் தெரியாமல் நான் வெட்டினேன்.' இந்த வரியை எடுத்துடு."

"எடுக்க மாட்டேன். அதான் நடந்தது."

"நடந்ததுல பாதிதான் அது." அக்கா மடிக்கணினியைத் தங்கையின் பக்கம் திருப்பினாள். "சரி, இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் சொல்றதை எழுது."

தங்கை விசைப்பலகையில் கை வைத்தாள்.

"'பன்னிரண்டு நாள் அந்த வீடியோ ஓடுச்சு. லட்சம் பேர் பார்த்தாங்க. அதுல இருந்தது என் கை, என் மூஞ்சி, என் தொழில். ஒரு தடவை நான் பார்த்திருந்தா, என்ன இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல.' எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எழுத்துப்பிழை இருக்கா பாரு. அப்புறம் போடு."

வாசலில் ஒரு பெண் பழைய இரட்டை அடுப்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா எழுந்துபோய் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"யாரு உன்னை இப்படிக் கெடுத்து வெச்சது?" என்றாள் அடுப்பைப் பார்த்து.